ஐரிஷ் அக்காவின் சுருதி

பாடச் சொன்னால் "ஐயோ, எனக்கு ஏலாது" என்று நெளிகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ஏலாதென்றால் சொல்லிவிட்டுப் போகலாமே. அதை விட்டுவிட்டு நாலு பேர் கெஞ்ச வேண்டும், இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் இறங்குவார்கள். இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அயர்லாந்துக்காரி ஒருவருக்கும் அது வந்ததைச் சிட்னியில் கண்டேன். ஆனால் அவருடையது நெளிவு இல்லை, சரியான பிடிவாதம்.

அவரை நான் அறிந்ததே சண்டையில்தான். எண்பதுகளின் கடைசி அது. பரமட்டாவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் சமூக வானொலி ஒன்று இருந்தது. ஞாயிறு காலைகளில் ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் கொஞ்ச நேரம் கிள்ளிக் கொடுப்பார்கள். ஐரிஷ்காரருக்கு ஒரு மணித்தியாலம், அது முடிந்ததும் தமிழருக்கு அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்துக்குள் ஊர்ச் செய்தி, மரண அறிவித்தல், கோயில் அறிவித்தல், தேவாலய அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து, இரண்டு பாட்டு எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். கிழமை முழுவதும் லிட்கம்மில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் கிழங்கு உரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் அறிவிப்பாளர். சம்பளம் கிடையாது. அந்த அரை மணித்தியாலம்தான் எனக்குச் சம்பளம்.

அதைத்தான் அந்த மனுஷி ஒவ்வொரு கிழமையும் தின்றுகொண்டிருந்தார். என்னுடைய நேரம் தொடங்கிய பிறகும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கண்ணை மூடிக்கொண்டு, சுழல்கிற இசைத்தட்டோடு தானும் சேர்ந்து பாடிக்கொண்டிருப்பார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததையும் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "உங்களுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன். அது அப்படியே ஒலிபரப்பில் போய்விட்டது. அவர் பதறவே இல்லை. ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்து, "நேயர்களே, தமிழ் மனுசி வந்திட்டா. கோவமா நிக்கிறா. ஞாயமான கோவம்தான். அடுத்த கிழமை சந்திப்பம்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். அடுத்த கிழமையும் நேரத்தைத் தின்றார் என்பது வேறு விஷயம்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்குள்ளே அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அதை மாற்ற என்னால் முடியாது, அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன். இந்த நாட்டு வழக்கப்படி நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எங்கள் ஆட்களோடு பேசும்போது மட்டும் "ஐரிஷ் அக்கா" என்பேன். அவர் என்னைக் கூப்பிட்ட சொல்லுக்கு எங்கள் மொழியில் "பிள்ளை" என்பதுதான் பொருத்தம். அவருக்கும் எனக்கும் வயதில் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் பிள்ளைதான்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் காற்றும் கல்லுமான ஒரு ஊர் அவருடையது. இளம் வயதில் கப்பலேறி வந்து, ஆஸ்பத்திரி ஒன்றில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை செய்திருக்கிறார். வெள்ளி, சனி இரவுகளில் பப்புகளில் பாட்டு. குடித்துவிட்டுக் கத்துகிற ஆண்களுக்கு மேலால் பாடி வளர்ந்த தொண்டை அது. மேலே ஏறி நின்றால் இறங்க மனமில்லாத, நல்ல உச்சக் குரல். நானும் சின்ன வயதில் பாட்டு ரீச்சரிடம் குட்டு வாங்கிப் படித்தவள், எனக்குக் குரல் தெரியும். அந்த மாதிரிக் குரலை நான் பக்கத்தில் நின்று கேட்டதில்லை.

கல்யாணம் கட்டி நாலைந்து வருடத்தில் அவருடைய புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒன்றுவிட்டொரு நாள் பஸ்ஸிலும் ரெயினிலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்புவார்களாம். திரும்புகிற வழியில் அந்த மனிதர் ஸ்டேஷன் படியில் ஏற முடியாமல் நடுப்படியில் குந்திவிடுவாராம். அவர் செத்த பிறகு ஐரிஷ் அக்கா ஒரு சிவப்பு வாளியைத் தூக்கினார். பப்பில், கடைத்தெருவில், ரெயில் ஸ்டேஷன் வாசலில், எங்கெல்லாம் நாலு பேர் கூடினார்களோ அங்கெல்லாம் பாடி, வாளியை நீட்டி, அப்படியே ஒரு வான் வாங்கி ஓட விட்டார். சிறுநீரக நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிற வான். ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் காசு வாங்காமல் ஓட்டினார்.

"றோட்டில நிண்டு வாளி நீட்ட வெக்கமா இல்லையோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கெண்டு கேட்டால்தானே பிள்ளை வெக்கம்" என்றார்.

பிறகு என் வீட்டுக்காரருக்கும் அதே வியாதி வந்தது. எங்கள் சமூகத்தில் நோயை மூடி வைப்பார்கள் அல்லவா, நானும் மூடித்தான் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மரண அறிவித்தல் வாசிக்கிறபோது எனக்குக் குரல் அடைத்துவிட்டது. வெளியே வந்ததும் ஐரிஷ் அக்கா தோளைப் பிடித்து, "ஆருக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன், அழுதேன். அடுத்த கிழமை வான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த மனுஷிக்கு நான் என்ன கைமாறு செய்வேன் என்று அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு பாரம்.

சில வருடங்களுக்குப் பிறகு, அவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல்நாணில் கத்தி வைத்து எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள், நல்ல செய்திதான். கட்டுக்கட்டாகப் பூ அனுப்பினோம். ஆனால் இரண்டு மாதம் கழித்து வானொலிக்குத் திரும்பி வந்து வாயைத் திறந்தபோது, வந்தது வேறு யாருடையதோ குரல். அம்மியில் தண்ணி விடாமல் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நல்ல மனிதர்தான், பக்குவமாகச் சொன்னார், கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது பேசட்டும், நீங்கள் இசைத்தட்டுப் போடுங்கள் என்று.

"என்ர வாயில்தான் வெட்டினவங்கள் எண்டு நினைச்சியோ? தொண்டையில்தான் வெட்டினவங்கள்" என்றார் ஐரிஷ் அக்கா. அந்தக் கரகரப்போடேயே ஒரு மணித்தியாலமும் பேசினார். எனக்கு உரிய நேரத்திலும் பேசினார். அன்று நான் கதவைத் தட்டவில்லை.

பேசினார், ஆனால் பாடவில்லை. இசைத்தட்டோடு சேர்ந்து உதடு அசைப்பதுகூட நின்றுவிட்டது. டொக்டரிடம் நானே கூடப் போய்க் கேட்டேன். பாடினால் ஒரு கெடுதலும் இல்லை, பழைய குரல் மட்டும் வராது என்றார் அவர். வெளியே வந்ததும் ஐரிஷ் அக்கா, "கேட்டியோ, வராதாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடி, வராவிட்டால் வந்ததைப் பாடுங்கோவன் என்றேன். நின்று திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "செத்த குரலை ஊருக்குக் காட்ட மாட்டன். இந்தக் கதையை இனி எடுக்காதை" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. றோட்டில் நின்று வாளி நீட்ட வெட்கமில்லாதவருக்கு இதில் மட்டும் என்ன வெட்கம்? பாடாத ஐரிஷ் அக்கா எனக்குப் பாதி ஐரிஷ் அக்காவாகத்தான் தெரிந்தார். அவர் வீட்டில் தனியே இருக்கிறபோது ரேடியோவைக்கூடப் போடுவதில்லை என்று கேள்விப்பட்டதும் பயம் வந்துவிட்டது. பாட்டு நின்றால் இந்த மனுஷி நின்றுபோவார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அந்த நேரம் பார்த்து வானும் படுத்துவிட்டது. இனித் திருத்தி ஓட்ட முடியாது, புது வான் வேண்டும். ஐரிஷ் அக்கா மண்டபம் ஒன்றை எடுத்து இசை நிகழ்ச்சி போட்டார். வொலங்கொங்கிலிருந்து ஒரு ஐரிஷ் வாத்தியக் குழு வரும், தமிழ்ப் பிள்ளைகள் சிலர் பாடுவார்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு. "நீங்கள்?" என்று கேட்டேன். "நான் வாசலில் வாளியோட நிப்பன்" என்றார்.

இனி என் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி ஆறு மணிக்கு. எங்கள் ஆட்களுக்கு ஆறு என்று சொன்னால் ஏழரைக்குத்தான் வருவார்கள் என்பது சிட்னியில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். அதனால் தமிழ் நிகழ்ச்சியில் நான் "சரியாக நாலரை மணிக்கு" என்று அறிவித்தேன். மூன்று ஞாயிறு அடித்து அடித்துச் சொன்னேன். அப்போதுதான் ஆறுக்குக் கதிரை நிரம்பும். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் எங்களுடைய விழாவுக்குத்தான் பிந்தி வருவார்கள். வெள்ளைக்கார மனுஷி கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நேரில் வந்து, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார் என்றால் மானப் பிரச்சினை. நாலேகாலுக்கே கார் நிறுத்த இடமில்லை. முதியோர் சங்கம் பஸ் பிடித்து வந்து இறங்கியது. ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து தமிழ்நாட்டுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நாலரைக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. மேடையில் ஒரு மேசையும், பிள்ளைகளின் பாட்டுக்கு நான் கொண்டுவந்த மின்சாரச் சுருதிப்பெட்டியும் மட்டும் இருந்தன. வாத்தியக் குழு இன்னும் பாதி வழியில். பாடவேண்டிய பிள்ளைகளும் வரவில்லை, அவர்களுடைய தாய்மாருக்கு நான் சரியான நேரத்தைச் சொல்லியிருந்தேன்.

"என்ன பிள்ளை இது?" என்றார் ஐரிஷ் அக்கா. சொன்னேன். கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையில் ஏறினார்.

தன்னுடைய ஊரில் குளிர்காலத்தில் ஒரு வீட்டில் கூடுவார்கள் என்று சொன்னார். அங்கே ஒருவர் பாடினால், அடுத்து யார் பாட வேண்டும் என்று சொல்லுகிற உரிமை அவருக்கு. அவர் யாரைக் காட்டுகிறாரோ அவர் எழும்ப வேண்டும். குரல் இல்லை, பாட்டு வராது, பல்லில் நோ, ஒரு சாட்டும் எடுபடாது. "நல்ல குரலைத்தான் கூப்பிடுறதெண்டால் அதுக்குப் பேர் கச்சேரி. இது அதில்லை" என்றார். மறுக்கவே கூடாது என்பதை இரண்டு தரம் சொன்னார், நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய விரல் என்னைக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் அடுத்தவர்களின் பாட்டை வானொலியில் கசற்றில் போடுகிறவள். சபையில் பாடி இருபது வருடத்துக்கு மேலிருக்கும். ஆனால் நெளிகிறவர்களைக் கண்டால் கோபப்படுகிறவள் நெளிய முடியுமா? சுருதிப்பெட்டியைப் பெண்கள் பாடுகிற ஐந்து கட்டை உயரத்தில் வைத்து, நான் என் மகளுக்குப் பாடிய தாலாட்டைப் பாடினேன். நடுவில் ஒரு அடி மறந்து போய், முதலடியையே திருப்பிப் பாடிச் சமாளித்தேன். இறங்குகிறபோது முன் வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்த மதுரைக்கார அம்மா ஒருவரைக் காட்டினேன்.

"ஐயய்யோ, எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க!" என்று அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மறுக்கக்கூடாது!" என்று மண்டபமே கத்தியது.

அவர் எழும்பி ஒரு கும்மிப் பாட்டை எடுத்தார் பாருங்கள், வராதாம்! முதியோர் சங்கம் கைதட்டியே தாளம் போட்டது. அவர் ஒரு வங்கி மனேஜரைக் கூப்பிட்டார், அவர் பள்ளிக்கூட கீதத்தைப் பாடினார். அவர் ஒரு அன்ரியைக் கூப்பிட்டார், அன்ரி தேவாலயப் பாட்டுப் பாடி எல்லோரையும் எழும்பி நிற்க வைத்தார். அதற்குள் ஐரிஷ் ஆட்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வந்த வேகத்திலேயே பிடிபட்டுப் பாடினார்கள். வாசலில் ஐரிஷ் அக்காவின் வாளி பாட்டுக்குப் பாட்டு கனத்தது. என் முட்டாள்தனம் இப்படி ஓடுமென்று யார் கண்டது?

யாரோ என் வீட்டுக்காரரைக் காட்டினார்கள். அவர் கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழும்பி, பழைய சினிமாப் பாட்டொன்றில் இரண்டே இரண்டு வரி பாடினார். மூச்சு அவ்வளவுதான். கைதட்டல் நின்றதும் விரலை நீட்டி வாசலைக் காட்டினார். வாளியோடு நின்ற ஐரிஷ் அக்காவை.

"உங்களுக்கென்ன விசரே? கீழ இருங்கோ!" என்று சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஐரிஷ் அக்காவின் தொண்டை விஷயம் எல்லாம் தெரியும். தெரிந்துதான் காட்டினார். உட்காரவும் இல்லை. சபைக்கு ஒன்றும் தெரியாது. ஐரிஷ் மணித்தியாலம் கேட்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை, கரகரப்பைத் தடிமன் சளி என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்ன அன்ரிமாரும் அங்கே இருந்தார்கள். ஐரிஷ் அக்கா தலையாட்டி மறுத்ததும், தங்களைப் போலவே பிகு பண்ணுகிறார் என்று சனத்துக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "மறுக்கக்கூடாது! மறுக்கக்கூடாது!" தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே கூச்சல்.

ஐரிஷ் அக்கா கதிரைகளுக்கு நடுவே வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. "என்ர குரல் செத்துப்போச்சு" என்று என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

"என்ர கிட்னியும் செத்துத்தான் போச்சு. நான் பாடேல்லையோ?" என்றார் அவர்.

நான் மேடைக்கு ஓடினேன், ஒலிவாங்கியில் உண்மையைச் சொல்லி அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று. ஆனால் எனக்குப் பின்னாலேயே ஐரிஷ் அக்காவும் ஏறி வந்துவிட்டார். ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கினார். "வாயைத் திறக்காதை" என்றார். வாளியைக் கீழே வைத்தார்.

கண்ணை மூடிப் பழைய இடத்திலேயே பாட்டை எடுத்தார். உச்சியில். இரண்டு சொல் வந்தது, மூன்றாவது சொல்லில் குரல் கிழிந்து வெறும் காற்றாகப் போனது. கூச்சல் அடங்கிவிட்டது. திரும்பவும் அதே இடத்தில் எடுத்தார், திரும்பவும் கிழிந்தது. முன் வரிசையில் மதுரைக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஐரிஷ் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார், செத்த குரலை ஊருக்குக் காட்டிவிட்டாய் அல்லவா என்பது போன்ற பார்வை.

அவர்களுடைய சங்கீதத்தில் பாட்டுக்கென்று ஒரு உயரம் வைத்து, வாத்தியக்காரர் அதிலேயே வாசிப்பார்கள் போலிருக்கிறது. எங்களிடம் அப்படி இல்லை. தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கேதான் சுருதி. என் பாட்டு ரீச்சர் குட்டிக் குட்டிச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். நான் சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு, குமிழைத் திருகி இறக்கினேன். ஐந்து கட்டையிலிருந்து நாலு, மூன்று, இரண்டு. ஆண்கள் பாடுகிற இடம். பெட்டி அடிவயிற்றிலிருந்து ஊமென்று முழங்கத் தொடங்கியது.

"இது ஆம்பிளையளின்ர சத்தமெல்லோ" என்றார் ஐரிஷ் அக்கா.

"ஆம்பிளையோ பொம்பிளையோ, உங்கட தொண்டை இப்ப இருக்கிறது இங்கதான். மேல ஏறி ஆரைத் தேடுறியள்? இங்க நிண்டு பாடுங்கோ!" எல்லோருக்கும் முன்னால் அவரை அதட்டிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் அந்த முழக்கத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். உதட்டை மூடியபடியே முனகி அதைத் தேடினார். கீழே போய், இன்னும் கொஞ்சம் கீழே போய், ஒரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டார். அங்கிருந்து பாட்டை எடுத்தார்.

அழகான குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். கரகரத்தது, சில சொற்கள் வரவே இல்லை, அந்த இடங்களில் சுருதி மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு இடத்திலும் கிழியவில்லை. கடலில் போனவனை நினைத்துக் கரையில் நிற்கிற ஒருத்தியின் பாட்டு என்று முன்பு எப்போதோ எனக்குச் சொல்லியிருந்தார். உச்சக் குரலில் கேட்டபோது அது எனக்கு ஒரு நல்ல பாட்டாக மட்டும் இருந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பெண் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரிந்தது. நான் அழுதேன். என் வீட்டுக்காரரும் அழுதார், உட்காராமல் நின்றபடியே.

பாட்டு முடிகிற நேரம் வாசற்கதவு திறந்தது. வொலங்கொங்கிலிருந்து வாத்தியக் குழு வந்துவிட்டது. பெட்டிகளைத் தோளில் சுமந்தபடி நேரே மேடைக்கு நடந்து வந்தார்கள். சனம் எழும்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. முறைப்படி இனி அவர் அடுத்த ஆளைக் காட்ட வேண்டும், குழுத் தலைவர் ஒலிவாங்கியை வாங்கக் கையையும் நீட்டிவிட்டார். நான் சுருதிப்பெட்டியை நிற்பாட்டக் குனிந்தேன்.

"அதில கை வையாதை, பிள்ளை" என்றார் ஐரிஷ் அக்கா. பிறகு குழுத் தலைவரைப் பார்த்து, "போய் இருங்கோ. நான் இன்னும் முடிக்கேல்லை" என்றார்.